கண்ணாடியில் வந்த யானைகள்

திருநகர் இரண்டாவது ஸ்டாப்பில் இறங்கி லூர்து மாஸ்டர் வீடு எது என்று யாரையாவது விசாரித்தால், அந்த ஆள் முதலில் தன்னுடைய லைசென்ஸ் கதையைச் சொல்வார், வழி அப்புறம்தான். லூர்துராஜ் என்பது முழுப் பெயர். திருமங்கலம் ரோட்டில் முப்பது வருஷத்துக்கு மேலாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். டாக்டர், வக்கீல், கறிக்கடைக்காரர், மில் முதலாளியின் மனைவி என்று அவரிடம் கிளட்ச் மிதிக்கப் பழகாதவர்கள் அந்தப் பக்கத்தில் குறைவு.

எனக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பலூர் தொழிற்பேட்டையில் கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும். உள்ரோடுகள் காலியாக இருக்கும். முதல் பாடம் அங்கேதான். சும்மா நின்றுகொண்டிருந்த ஒரு லாரிக்கு நேராக நான் வண்டியை விட்டபோது அவர் சத்தம் போடவில்லை. பயிற்சி வண்டியில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அதை மிதித்து நிறுத்திவிட்டு, "லாரியத்தான் பாத்துட்டீங்கள்ல தம்பி, பெறகு ஏன் அவன்கிட்டயே போறீங்க?" என்று கேட்டார். அப்புறம் உள்கண்ணாடியைத் தட்டிக்காட்டினார். "இதப் பாத்து ஓட்டுங்க. இத எதுக்கு வச்சிருக்கான், தல சீவவா?"

கோரிப்பாளையம் சிக்னலில் சாயங்கால நெரிசலில் வண்டி ஆஃப் ஆகாமல் கடந்துவிட்டால் அவர் கணக்கில் பாஸ். அதுவரைக்கும் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லித்தருவார். முகம் சுளிக்க மாட்டார்.

இப்படிப்பட்ட பொறுமைசாலி தன்னுடைய ஒரே மகளோடு ஆறு வருஷம் பேசாமல் இருந்தார். தெருவில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் அவரிடம் கேட்டதில்லை.

மகள் பெயர் ஷெரின். நர்சிங் படித்தவள். மதுரையிலேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். லூர்துராஜ் திண்டுக்கல் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்து, பையனின் வீட்டுக்குப் போய் காபி குடித்துவிட்டும் வந்துவிட்டார். அந்த வாரம்தான் ஷெரின், தனக்குக் கல்யாணம் வேண்டாம், கன்னியர் மடத்தில் சேரப்போகிறேன் என்று சொன்னாள். அவள் அம்மா தங்கம் டீச்சர் அழுதார், சண்டை போட்டார், ஜெபம் பண்ணினார், கடைசியில் மகளின் பெட்டியை அவரே அடுக்கிக்கொடுத்தார். லூர்துராஜ் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு நிறுத்திய பேச்சுதான்.

திருச்சியில் அவள் கன்னியராக முதல் வார்த்தைப்பாடு கொடுத்த அன்று தங்கம் டீச்சர் தனியாகத்தான் போய்வந்தார். அப்புறம் சபை அவளை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. தான்சானியாவில் மொரோகோரோ என்ற ஊருக்கு அப்பால் ஒரு கிராமத்தில், வைத்தியமும் பிரசவமும் பார்க்கிற சின்ன மருந்தகத்தில் வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் போன் வரும். தங்கம் டீச்சர் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார். லூர்துராஜ் வாசலில் நின்று வண்டியைத் துடைப்பார். சுத்தமாக இருக்கிற வண்டியைத்தான் துடைப்பார். ஆனால் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று துடைப்பார் என்று டீச்சர் என்னிடம் சொன்னார்.

நடுவில் ஒரு தடவை ஷெரின் விடுமுறையில் வந்தாள். அந்த நாட்களில் மாஸ்டர் காலையிலிருந்து இருட்டும் வரை கிளாஸ் எடுத்தார். தினமும் காலையில் மட்டும் ஆட்டுக்கறியோ விரால் மீனோ வாங்கி அடுப்படியில் வைத்துவிட்டுப் போவார். யாருக்கு என்று சொல்ல மாட்டார்.

தங்கம் டீச்சர் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு எடுத்தவர். போன வருஷம் ரிட்டயர் ஆனார். மாலை மரியாதை எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவரிடம் நேராகச் சொல்லிவிட்டார்.

"இனிமே நான் யார்கிட்டயும் லீவு கேக்க வேண்டியதில்ல. எம்மகளப் பாக்கப் போறேன். வாரதுன்னா பாஸ்போர்ட் எடுங்க. வல்லன்னா ரசம் வைக்கக் கத்துக்கங்க."

லூர்துராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஒத்தையில எப்பிடிப் போவ? பிளேன் மாறணும்பாங்க. துணைக்கு வேணா வாரேன்" என்றார். துணைக்கு என்ற வார்த்தையை அவர் அழுத்திச் சொன்னார். டீச்சர் அதைக் கேட்காத மாதிரி அப்பளம் எடுக்கப் போய்விட்டார்.

ஜூலை மாதம் கிளம்பினார்கள். தாரெஸ் சலாம் விமான நிலையத்தில் வெள்ளை அங்கியும் தலையில் நீல முக்காடுமாக ஷெரின் நின்றிருந்தாள். பக்கத்தில் இன்னொரு கன்னியர், அந்த ஊர்க்காரப் பெண், சிஸ்டர் நீமா. அம்மாவும் மகளும் கட்டிப்பிடித்து ஒரு பாட்டம் அழுது முடித்த பிறகு ஷெரின் அப்பாவிடம் வந்து, "ஸ்தோத்திரம்பா" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு டிராலியைத் தள்ளினார்.

வெளியே ஒரு பழைய லேண்ட் குரூசர் நின்றது. மருந்தகத்தின் வண்டி. தங்கம் டீச்சர், "டிரைவர் எங்கத்தா?" என்று கேட்டார்.

"நாந்தாம்மா டிரைவரு."

லூர்துராஜ் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பதினெட்டு வயதில் இதே ஷெரின் அவரிடம், "ஊருக்கெல்லாம் சொல்லித் தாறீங்க, எனக்கும் சொல்லித் தாங்கப்பா" என்று கேட்டிருந்தாள். "ஒனக்கெதுக்கு, கல்யாணமாகட்டும், பாப்போம்" என்று தள்ளிப்போட்டவர் அவர். அவளை மதுரை ரோட்டில் விடுவதற்குத்தான் பயம். அதை வெளியே சொல்லவில்லை. இப்போது அவள் அங்கியைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாவி ஏறி, சீட்டை முன்னால் இழுத்து, கண்ணாடியைச் சரிசெய்து, சாவியைத் திருப்பினாள்.

பின்னால் மருந்துப் பெட்டிகள். நீமாவும் தங்கம் டீச்சரும் அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். முன்னால் மகளுக்குப் பக்கத்தில் உட்காருவதைத் தவிர அவருக்கு வேறு இடமில்லை. அந்த நாட்டிலும் நம்மைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அதனால் அவர் வாழ்நாள் பூராவும் உட்கார்ந்த அதே பக்கம். லாரிகள் எதிரே வந்தன, பஸ்கள் முந்தின, ஆடுகள் குறுக்கே ஓடின. ஒவ்வொரு தடவையும் அவர் கால் அங்கே இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தது.

"தரையில ஓட்ட போட்றாதீங்க" என்றார் பின்னாலிருந்து தங்கம் டீச்சர்.

ஷெரின் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அவள் ஓட்டியதில் குறை சொல்ல அவருக்கு எதுவும் அகப்படவில்லை.

கிராமத்து மடத்தில் அவர் பேச்செல்லாம் தங்கம் வழியாகத்தான் நடந்தது. "அவளுக்கு டீ வேணுமான்னு கேளு." "டயர்ல காத்து கம்மியா இருக்குன்னு சொல்லு." மருந்தகத்துக்கு டிரைவராக இருந்தவர் பட்டணத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாராம். இப்போது அங்கே வண்டி ஓட்டத் தெரிந்தவள் ஷெரின் ஒருத்திதான். பிரசவ வலி என்று ஆள் வந்தால் அவள்தான் போக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அவள்தான் கொண்டுபோக வேண்டும். ஒரு நாள் அவள் சாப்பாட்டில் பாதியில் எழுந்து ஓடியதை லூர்துராஜ் பார்த்தார். அவள் திரும்பி வந்த பிறகு, யாரும் சொல்லாமலே வண்டியின் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்தார். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

மடத்துத் தலைவி வயதான அம்மாள். இவ்வளவு தூரம் வந்த பெற்றோர் மிருகங்களைப் பார்க்காமல் திரும்பக்கூடாது என்று சொல்லி, ஷெரினுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்து மிக்குமி சரணாலயத்துக்கு அனுப்பினார். துணைக்கு நீமா. தங்கம் டீச்சர் விடியும் முன்பே எழுந்து ஊரிலிருந்து கொண்டுவந்த புளியில் புளிச்சோறு கிளறி, உருளைக்கிழங்கு வறுத்துக் கட்டிக்கொண்டார்.

சரணாலயத்துக்குள் தார் ரோடு முடிந்து மண் பாதை தொடங்கியது. கண்ணுக்கு எட்டிய வரை சோளத்தட்டை நிறத்தில் புல். அங்கங்கே குடை விரித்த மாதிரி தனி மரங்கள். முதலில் மான்கள்தான் தெரிந்தன. ஆட்டு மந்தையைப் போல அத்தனை. வண்டியைக் கண்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. காதுகள் மட்டும் அசைந்தன. பிறகு வரிக்குதிரைகள் வந்தன. ஒன்றின் முதுகில் இன்னொன்று தாடையை வைத்துக்கொண்டு நின்றன.

"பாருங்க, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்குதுக" என்றார் டீச்சர்.

ஒட்டகச்சிவிங்கியைக் கண்டபோதுதான் அவர் சத்தமே போட்டுவிட்டார். மரத்துக்கு மேலிருந்து ஒரு முகம் இவர்களை எட்டிப் பார்த்தது. வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வண்டியை நிறுத்தினார்கள். அது மரத்தைவிட்டு வெளியே வந்து நடந்தபோது, ஒரே பக்கத்துக் கால் இரண்டும் சேர்ந்து சேர்ந்து போயின. கழுத்து முன்னும் பின்னும் ஆடியது.

"எய்யா! இம்புட்டு காலா! நான் முப்பது வருசமா போர்டுல குட்டையாப் போட்டுட்டேனே!" என்று தங்கம் டீச்சர் நெஞ்சில் கை வைத்தார். "எத்தன பிள்ளைக தப்பா படிச்சிட்டுப் போயிருக்கும்!"

சற்றுத் தள்ளி இருந்த குட்டையில் அது தண்ணீர் குடிக்கப் போனது. குனிய முடியவில்லை. முன்கால்களை மெல்ல மெல்ல அகட்டி, இன்னும் அகட்டி, நம் ஊர் ஆட்டோக்காரர் சீட்டுக்கடியில் விழுந்த சாவியை எடுக்கிற மாதிரி ஒரு கோணத்தில் நின்று வாயை எட்டவிட்டது. லூர்துராஜ் பக்கென்று சிரித்துவிட்டார். ஷெரின் திரும்பிப் பார்த்தாள். அவர் உடனே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சிங்கங்களும் கிடைத்தன. ஒரு மர நிழலில் இரண்டு பெண் சிங்கங்கள் கால்களைப் பரப்பி மல்லாந்து தூங்கின. ஒன்றின் வயிறு உப்பியிருந்தது. வால் நுனி மட்டும் ஈயை விரட்டியது. அருகில் இன்னும் இரண்டு வண்டிகள் நின்று படம் எடுத்தன. ஒருமுறை சிங்கங்களில் ஒன்று கண்ணைத் திறந்து பார்த்தது. மஞ்சள் கண். இவர்கள் எல்லோரையும் தாண்டி எங்கேயோ பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. தங்கம் டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். அந்த இடத்தைவிட்டு வெகு தூரம் வந்த பிறகுதான், "நம்மள ஒரு பொருட்டாவே மதிக்கல பாரேன்" என்றார்.

வெயில் ஏறிய நேரம். பாதை ஒரு வறண்ட ஓடையில் இறங்கி ஏறியது. இரண்டு பக்கமும் அடர்ந்த புதர். மேட்டில் ஏறித் திரும்பியதும் ஷெரின் பிரேக் போட்டாள்.

பாதையின் நடுவில் ஒரு யானை நின்றது. பெண் யானை. ஒரு தந்தம் பாதியில் உடைந்திருந்தது. தங்கம் டீச்சரும் லூர்துராஜும் யானையைக் கோயிலில் பார்த்திருக்கிறார்கள், நெற்றியில் பட்டம் கட்டி, காலில் சங்கிலியோடு. இது வேறு. இதன் காது ஒவ்வொன்றும் ஒரு கதவு அளவு இருந்தது. அது இரண்டு காதையும் விரித்து, தும்பிக்கையைத் தூக்கி, இவர்கள் வாசனையை இழுத்தது. பிறகு தலையை ஓர் உதறு உதறியது. காதுகள் கழுத்தில் அடித்த சத்தம், ஈர ஜமுக்காளத்தை உதறின மாதிரி கேட்டது. புழுதி பறந்தது. யானை இரண்டு எட்டு முன்னால் வந்தது.

"ரிவர்ஸ் எடு" என்றார் லூர்துராஜ்.

ஆறு வருஷத்தில் மகளிடம் அவர் நேரடியாகப் பேசிய முதல் பேச்சு அது. அப்போது அது யாருக்கும் உறைக்கவில்லை.

"ரிவர்ஸ் எடு ஷெரினு! கிளட்ச்ச மிதி! ஏய், ரிவர்ஸப் போடு தாயி!"

ஷெரின் ரிவர்ஸ் போடவில்லை. சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினாள். லூர்துராஜுக்கு உயிர் போய்விட்டது. அவர் கை தானாகவே கியர் கம்பிக்குப் போனது. ஷெரின் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து அமுக்கினாள். மெதுவாகச் சொன்னாள்.

"கண்ணாடியப் பாருங்கப்பா."

அவர் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி உள்கண்ணாடியைப் பார்த்தார். ஓடைப் பள்ளத்திலிருந்து வண்டிக்குப் பின்னால் மேலும் யானைகள் ஏறி வந்துகொண்டிருந்தன. பெரியவை மூன்று. அவற்றின் கால்களுக்கு நடுவே, வண்டிச் சக்கரத்தைவிடக் கொஞ்சமே உயரமாக, ஒரு குட்டி. ஒரு முழம் பின்னால் எடுத்திருந்தால் குட்டியின் மேல்தான் போய் இடித்திருக்கும்.

நீமா தன் மொழியில் உதடு மட்டும் அசைய ஜெபம் சொன்னார். தங்கம் டீச்சர் ஜெபமாலையைப் பிடித்திருந்தாரே தவிர ஒரு மணிகூட நகரவில்லை. இன்ஜின் சூடு ஆறுகிற சத்தம் டிக் டிக் என்று கேட்டது. பின்னால் குட்டி வண்டியின் கதவில் தும்பிக்கையால் தடவிப் பார்த்தது. ஸ்டெப்னியை முகர்ந்தது. அதன் தாய் ஜன்னலை ஒட்டி நடந்து வந்தது. லூர்துராஜ் பக்கத்து ஜன்னல் முழுக்கத் தோலாகத் தெரிந்தது. காய்ந்த கண்மாய் மண்ணைப் போல அத்தனை வெடிப்பு. பிறகு கண் வந்தது. நீளமான இமை முடி. அந்தக் கண் அவரைப் பார்த்தது. அவர் கும்பிடவும் இல்லை, கண்ணை மூடவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

முன்னால் நின்ற கிழட்டு யானை எல்லோரும் வந்து சேரும் வரை பாதையைவிட்டு நகரவில்லை. குட்டி ஓடிப்போய் அதன் வயிற்றுக்கடியில் நுழைந்தது. அப்போது யானைகளிடமிருந்து ஓர் ஆழ்ந்த உறுமல் எழுந்தது. காதில் கேட்டதைவிட உட்கார்ந்திருந்த சீட்டில்தான் அது அதிகமாகத் தெரிந்தது. காதுகள் மடங்கின. ஒன்றன் பின் ஒன்றாகப் புதருக்குள் இறங்கி, அத்தனை பெரிய உடம்புகள் அத்தனை சத்தமில்லாமல் போய்விட்டன. கொஞ்ச நேரம் செடிகள் மட்டும் ஆடின.

மகளின் கை இன்னும் அப்பாவின் கைமேல் இருந்தது. அந்த உள்ளங்கை காய்த்துப்போய் சொரசொரவென்று இருப்பது அவருக்குத் தெரிந்தது.

"நீ கிளட்ச்லயே கால வச்சுக்கிட்டு ஓட்டுற. பிளேட்டு சீக்கிரம் தேஞ்சுரும்."

ஷெரின் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "ஆறு வருசங் கழிச்சு எங்கிட்ட சொல்ல ஒங்களுக்கு இதான் கெடச்சுச்சாப்பா?"

"சொல்ல வேண்டியதச் சொல்லணும்ல?" என்றார் அவர். பின்னால் தங்கம் டீச்சர் மூக்கைச் சிந்தினார்.

நீர்யானைகள் இருக்கும் குளத்துக்கரையில் இறங்கிச் சாப்பிடலாம் என்று ஓர் இடம் இருந்தது. தண்ணீரில் காதும் மூக்கும் மட்டும் தெரிய நீர்யானைகள் கிடந்தன. அவ்வப்போது ஒன்று வாயைப் பிளந்து கொட்டாவிவிட்டது; உள்ளே ஓர் அறையே தெரிந்தது. தங்கம் டீச்சரும் நீமாவும் ஒரு பக்கம் உட்கார்ந்து, பாஷை தெரியாமலே புளிச்சோற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் மகளும் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல நீ?" என்றார் லூர்துராஜ்.

"கேட்டேன்பா. மொதத் தடவ டி.வி. சத்தத்தக் கூட்டுனீங்க. அடுத்த தடவ சாவிய எடுத்துட்டு வெளிய போயிட்டீங்க."

ஒரு நீர்யானை முங்கி வேறு இடத்தில் எழுந்தது.

"அன்னைக்கு எங்க போனேன் தெரியுமா? கப்பலூர் டோல்கேட்டுக்கு முன்னாடி வண்டிய ஓரங்கட்டி ஒக்காந்திருந்தேன். வீட்ல அழுதா உங்கம்மா பாத்துருவாளேன்னு." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ சிஸ்டராப் போனதுல எனக்குக் கோவமில்லத்தா. இம்புட்டு தூரம் போறியே, ஒனக்கு ஒண்ணுன்னா நான் ஓடி வர முடியாதேன்னுதான். அதச் சொல்லத் தெரியல. பேசாம இருந்துட்டேன். பெறகு எப்பிடி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

"இன்னைக்கு நீங்க பக்கத்துலதான இருந்தீங்க. என்ன செஞ்சிருப்பீங்க?"

லூர்துராஜ் யோசித்தார். "ரிவர்ஸ் எடுத்து குட்டி மேல விட்டிருப்பேன்."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கரையிலிருந்த கொக்குகள் எழுந்து பறந்தன. என்ன விஷயம் என்று நீமா கேட்டார். என் அப்பா ஊரில் எல்லோருக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், இன்றைக்கு அவரே பயந்துவிட்டார் என்று ஷெரின் சுவாஹிலியில் சொன்னாள். நீமா சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து லூர்துராஜ் முன்னால் நின்றார். ஏதோ கேட்டார்.

"இங்க அப்பாவ பாபாம்பாங்க. பாபா அவங்களுக்கும் ஓட்டச் சொல்லித் தருவாரான்னு கேக்குறாங்க. நான் ஒருத்தி மட்டும் ஓட்டிட்டு இருக்கேன், எனக்கு ஒடம்பு சரியில்லாமப் போனா என்ன செய்யிறதுன்னு ரொம்ப நாளா அவங்களுக்குக் கவல" என்றாள் ஷெரின்.

"நாளைக்கே ஆரம்பிப்போம்" என்றார் லூர்துராஜ்.

அவர்கள் ஊர் திரும்ப இன்னும் இரண்டு வாரம் இருந்தது. மடத்துக் கோயிலுக்குப் பின்னால் பையன்கள் பந்து விளையாடும் பொட்டலில் பாடம் நடந்தது. மாஸ்டருக்குத் தெரிந்தது மதுரைத் தமிழ். நீமாவுக்குத் தெரிந்தது சுவாஹிலி. பின்சீட்டில் உட்கார்ந்து இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னாள் ஷெரின். முதல் நாளே நீமா ஒரு கரையான் புற்றில் மோதினார். மாஸ்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "புத்துக்கு ஒண்ணும் ஆகல" என்றார். மெதுவாக என்பதற்கு அங்கே போலே போலே என்கிறார்கள். அதை மட்டும் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். பொட்டலைச் சுற்றி நாள் முழுக்க அவர் குரல் கேட்கும்: "போலே போலே... போலே போலேங்கிறேன்ல தாயி!"

நீமா தேறிய பிறகு நெடுஞ்சாலைக்குப் போனார்கள். அந்தச் சாலை சரணாலயத்தின் நடுவே போகிறது. ஒரு காலையில் முன்னால் போன லாரிகள் எல்லாம் நின்றுவிட்டன. ஒட்டகச்சிவிங்கிகள் ஒரு குடும்பமாக ரோட்டைக் கடந்துகொண்டிருந்தன. கடைசியில் வந்த குட்டி நடுரோட்டில் நின்று லாரிகளை வரிசையாகப் பார்த்தது. ஹாரன் அடிக்க யாருக்கும் தோன்றவில்லை. நீமா பிரேக்கில் காலை வைத்தபடி அசையாமல் இருந்தார். மாஸ்டர் பின்னால் திரும்பி மகளிடம், "கோரிப்பாளையத்துல இப்பிடி ஒருத்தன் நிப்பானா?" என்று கேட்டார்.

மற்ற நேரங்களில் பாடத்துக்கு நடுவே அப்பாவும் மகளும் பேசினார்கள். ஆறு வருஷத்துப் பேச்சு பாக்கியிருந்தது. அவள் முதன்முதலில் அங்கே வண்டி பழகியபோது கிணற்றுச் சுவரில் முட்டியது, மலேரியாவில் படுத்தது, முதன்முதலாகத் தனியாகப் பிரசவம் பார்த்தது, அந்தப் பிள்ளைக்குத் தங்கம் என்று பெயர் வைக்கச் சொல்லி, அந்த ஊர் வாய்க்கு அது தங்கா என்று ஆனது. எல்லாவற்றையும் கேட்டார். சில இடங்களில், "ஒத்தையிலயா போன?" என்று மட்டும் கேட்பார்.

கிளம்புகிற நாளன்று விமான நிலைய வாசலில் ஷெரின் குனிந்து நின்றாள். லூர்துராஜ் கட்டைவிரலால் அவள் நெற்றியில் சிலுவை போட்டார். சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது தினமும் போட்டுவிடுவாராம். அன்றைக்கு அவசரமில்லாமல் போட்டார். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.

ஊருக்கு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை போனை அவரேதான் எடுத்தார். மாஸ்டர் பேசி முடிக்கிற வரை தங்கம் டீச்சர் கையை நீட்டிக்கொண்டே நிற்க வேண்டியதாயிற்று. மழைக்காலத்தில் ஒரு நாள் போனில் ஷெரினின் குரல் சோர்ந்து கேட்டது. காய்ச்சலில் ஒரு வாரமாகப் படுக்கை. லூர்துராஜின் முகம் மாறிவிட்டது. ஆனால் அவள் சொல்ல வந்தது வேறு. அந்த வாரம் ஒரு கர்ப்பிணிக்கு வலி கண்டு, வயிற்றுக்குள் குழந்தை குறுக்கே கிடந்திருக்கிறது. சேற்று ரோட்டில் நீமாதான் ஓட்டிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். தாயும் பிள்ளையும் நலம்.

"வண்டி ஒரு எடத்துலகூட ஆஃப் ஆகலயாம்பா. வந்ததும் வராததுமா அதத்தான் சொன்னாங்க, பாபாகிட்டச் சொல்லணும்னு."

மாஸ்டர் போனை மறு காதுக்கு மாற்றினார். பிறகு, "சேத்துல ரெண்டாவது கியர்லயே போச்சாமா? கேளு" என்றார்.

இந்த ஜூன் மாதம் இரண்டு பேரும் மறுபடி போகிறார்கள். இந்தத் தடவை மூன்று மாதம். மடத்தில் இன்னும் இரண்டு கன்னியர்களும், கிராமத்து மருத்துவச்சி ஒருத்தியும் பழக வேண்டும் என்று காத்திருக்கிறார்களாம். இங்கே டிரைவிங் ஸ்கூலை அவரிடம் பழகிய தமிழ்ச்செல்வி பார்த்துக்கொள்வாள். போன வாரம் நான் பார்க்கப் போனபோது பெட்டிகள் கூடத்தில் பாதி அடுக்கிக் கிடந்தன. தங்கம் டீச்சர் ஒரு பொதி புளியை எந்தப் பெட்டியில் வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். நீர்யானைக் குளத்துக்கரைப் பக்கம் மரத்தின் மேல் ஒரு சிறுத்தை தினமும் வந்து படுக்கிறதாக ஷெரின் சொல்லியிருக்கிறாளாம்.

"இவரு பாட்டுக்கு பொட்டல்ல போலே போலேன்னு கத்திக்கிட்டு இருக்கட்டும்" என்றார் டீச்சர். "நானும் நீமாவும் வண்டிய எடுத்துட்டு சிறுத்தையப் பாக்கப் போறோம்."